கடல் மணல் கடல் மீனைக் கொல்லுமா?

“டீச்சர், கடல் மணல் கடல் மீனைக் கொல்லுமா?”

இரண்டாம் படிவ மாணவி ஒருத்தி என்னிடம் கேட்ட கேள்வி இது. அவள் அதைக் கேட்டபோது, எங்கள் பள்ளி அறிவியல் கூடத்துக் கண்ணாடித் தொட்டியில் இரண்டு கோமாளி மீன்கள் இறந்து மிதந்துகொண்டிருந்தன. பிள்ளைகள் ‘நீமோ’ என்று செல்லமாக அழைக்கும் அதே ஆரஞ்சு நிற மீன்கள்தாம். அறிவியல் கழக மாணவர்கள் தங்கள் கைச்செலவுக் காசைச் சேர்த்து வாங்கியவை. தொட்டியின் அடியில் கிடந்த மணலோ நான் கொண்டுவந்தது. அதற்கு முந்திய வாரம் குடும்பத்தோடு போர்ட்டிக்சனுக்குப் போயிருந்தேன். கடலில் வாழும் மீனுக்குக் கடற்கரை மணலைவிடப் பொருத்தமானது வேறென்ன இருக்கப்போகிறது, கடையில் எதற்காகக் காசு கொடுக்க வேண்டும் என்று நினைத்து ஒரு வாளி நிறைய அள்ளி வந்தேன்.

நான் அறிவியல் ஆசிரியை. அந்த மணலைத் தொட்டியில் கொட்டுவதற்கு முன் சில கேள்விகளைக் கேட்டிருக்க வேண்டியவள். அன்று கேட்காமல் விட்டவற்றை இன்று உங்களோடு சேர்ந்து கேட்கிறேன். வீட்டில் கடல்நீர் மீன்தொட்டி வைத்திருப்பவர்களுக்கும், வைக்க ஆசைப்படுபவர்களுக்கும் இது உதவும். தொட்டி இல்லாதவர்களும் அடுத்த முறை கடற்கரையில் நடக்கும்போது காலடியில் இருப்பதைக் கொஞ்சம் வேறு விதமாகப் பார்ப்பீர்கள்.

மணல் எதனால் ஆனது?

‘மணல்’ என்பது ஒரு பொருளின் பெயர் என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் அது ஓர் அளவின் பெயர். 2 மில்லிமீட்டரைவிடச் சிறியதாகவும், ஒரு மில்லிமீட்டரில் பதினாறில் ஒரு பங்கைவிடப் பெரியதாகவும் உள்ள துகள் எதுவாக இருந்தாலும் அது மணல்தான். அந்தத் துகள் எதனால் ஆனது என்பது கடற்கரைக்குக் கடற்கரை மாறும்.

நம் தீபகற்பத்தின் முதுகெலும்பான தித்திவங்சா மலைத்தொடர் பெரும்பாலும் கருங்கல்லால் ஆனது. வெயிலும் மழையும் அந்தக் கல்லைப் பல இலட்சம் ஆண்டுகளாக அரித்துவருகின்றன. கருங்கல்லில் உள்ள மற்ற கனிமங்கள் சிதைந்து களிமண்ணாகிவிடும். எளிதில் சிதையாத குவார்ட்ஸ் மட்டும் மணியாக எஞ்சி, ஆற்றோடு உருண்டு கடலுக்கு வந்து சேரும். குவார்ட்ஸ் என்பது சிலிக்கா, அதாவது கண்ணாடி செய்யப் பயன்படும் பொருள். நம் பெருநிலக் கடற்கரைகளில் நாம் மிதிக்கும் மணலில் பெரும்பகுதி இதுதான். அதோடு சிப்பித் துண்டுகளும் கலந்திருக்கும்.

ரெடாங், பெர்ஹெந்தியான் போன்ற தீவுகளின் வெண்மணலுக்கு வேறு கதை உண்டு. அதில் பெரும்பகுதி உயிரினங்கள் உருவாக்கியது. பவளத் துண்டுகள், சிப்பி ஓடுகள், சுண்ணாம்புப் பாசிகளின் சிதறல்கள் எல்லாம் அதில் இருக்கும். பவளப் பாறையை அலகால் கொறித்துத் தின்னும் கிளி மீன்கள், உணவுச் சத்தை எடுத்துக்கொண்டு சுண்ணாம்பை மணலாகக் கழிக்கின்றன. பெரிய கிளி மீன் ஒன்று ஓர் ஆண்டில் நூற்றுக்கணக்கான கிலோ மணலைக் கழிக்கும். தேனிலவுத் தம்பதிகள் படமெடுத்துக்கொள்ளும் வெண்மணலில் ஒரு பங்கு மீனின் வயிற்றுக்குள் போய் வந்தது என்று வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் முகம் சுளிப்பார்கள். ஆனால் அந்தப் பாடத்தை மறக்கவே மாட்டார்கள்.

மூன்றாவது வகையும் உண்டு. லங்காவியின் கறுப்பு மணல் கடற்கரைக்குப் போனவர்கள் அதைப் பார்த்திருப்பீர்கள். டூர்மலின், இல்மனைட், சிர்கான் போன்ற கனமான கனிமங்கள்தாம் அங்கே கறுப்பு நிறத்தைத் தருகின்றன. இல்மனைட்டில் இரும்பும் டைட்டேனியமும் உள்ளன.

சமையலறையில் ஒரு சோதனை

எந்த மணல் எதனால் ஆனது என்று அறிய ஆய்வுக்கூடம் தேவையில்லை. ஒரு தேக்கரண்டி மணலை நன்றாகக் கழுவி உலர்த்தி வெள்ளைத் தட்டில் பரப்புங்கள். அதன்மேல் சமையலறை வினிகரைச் சில சொட்டுகள் விடுங்கள். குமிழிகள் பொங்கி வந்தால் அது கால்சியம் கார்பனேட். வினிகரில் உள்ள அசெட்டிக் அமிலம் அதோடு வினைபுரிந்து கரிவளியை வெளியிடுகிறது. ஒன்றுமே நடக்கவில்லை என்றால் அது சிலிக்கா. அங்கங்கே சில மணிகள் மட்டும் நுரைத்தால், சிலிக்கா மணலில் சிப்பித்துண்டு கலந்திருக்கிறது என்று பொருள். உருப்பெருக்கிக் கண்ணாடி இருந்தால் எந்த மணி நுரைக்கிறது என்பதையே பார்த்துவிடலாம்.

அடுத்து, வலுவான காந்தம் ஒன்றை நெகிழிப் பைக்குள் போட்டு உலர்ந்த மணலின்மேல் மெல்ல நகர்த்துங்கள். கறுப்பு மணிகள் ஒட்டிக்கொண்டு வந்தால், அந்த மணலைத் தொட்டியில் போட வேண்டாம். தொட்டியின் பம்புக்குள் காந்தம் இருக்கிறது. இரும்பு கலந்த மணிகள் அதில் போய்ச் சிக்கி அதைத் தேய்த்துவிடும். கண்ணாடி துடைக்கும் காந்தத்தில் ஒட்டினாலோ கண்ணாடியில் கீறல் விழும்.

பவள மணலைப் பற்றி மீன் வளர்ப்பவர்களிடையே பரவலான நம்பிக்கை ஒன்று உண்டு. அது மெல்லக் கரைந்து தொட்டி நீரின் பி.எச். அளவைக் கடல்நீர் அளவிலேயே வைத்திருக்கும் என்பார்கள். கொஞ்சம் யோசியுங்கள். வெப்பமண்டலக் கடலின் மேற்பரப்பு நீரில் பவளச் சுண்ணாம்பு ஏற்கெனவே நிறைவுக்கும் மேலாகக் கரைந்திருக்கிறது. சீனி கரையாத அளவுக்கு இனித்துப்போன தேநீரைப் போன்ற நிலை அது. கடல்நீரில் பவள மணல் கரையும் என்றால் ரெடாங் தீவின் கடற்கரை எப்போதோ காணாமல் போயிருக்கும். மணலுக்கு உள்ளே நுண்ணுயிர்கள் விடும் கரிவளியால் நீர் சற்று அமிலத்தன்மை அடையும் இடங்களில் மட்டுமே அது சிறிது கரைகிறது. ஆகவே பவள மணல் ஓரளவு துணை செய்யும். வாரம் தவறாமல் நீர் மாற்றும் வேலையை அது செய்துவிடாது.

சிலிக்கா மணல் போட்டால் பழுப்புப் பாசி படரும் என்பது இன்னொரு பேச்சு. பழுப்பு நிறத்தில் படரும் டயட்டம் எனும் நுண்பாசிகளுக்குக் கரைந்த சிலிக்கா தேவை என்பது சரிதான். ஆனால் குவார்ட்ஸ் நீரில் மிக மிக மெதுவாகவே கரையும். நாம் ஊற்றும் குழாய் நீரிலேயே கரைந்த சிலிக்கா இருக்கிறது. புதுத் தொட்டியில் படரும் பழுப்புக்கு மணலைக் குறை சொல்வதைவிட முதலில் தண்ணீரைச் சோதிப்பது நல்லது.

அப்படியானால் போர்ட்டிக்சன் மணலில் இருந்த குவார்ட்ஸ் மணிகள் எங்கள் மீன்களைக் கொல்லவில்லை. பிறகு எது கொன்றது?

மணிகளுக்கு இடையில் வாழ்பவர்கள்

நீர் வற்றிய நேரத்தில் கடற்கரையில் நடந்திருக்கிறீர்களா? ஈர மணலில் மிளகு அளவில் ஆயிரக்கணக்கான மணல் உருண்டைகள் கோலம்போல் பரவிக் கிடக்கும். சின்னஞ்சிறு நண்டுகளின் வேலை அது. அவை மணலை வாயில் இட்டு, மணிகளின்மேல் ஒட்டியிருக்கும் உணவை வழித்துத் தின்றுவிட்டு, மிச்ச மணலை உருண்டையாக்கி வைத்துவிட்டுப் போகின்றன.

மணலில் சாப்பிட என்ன இருக்கிறது? ஒவ்வொரு மணியின்மேலும் பாக்டீரியாக்களும் நுண்பாசிகளும் மெல்லிய படலமாக வாழ்கின்றன. மணிகளுக்கு இடையே உள்ள நீரில் கண்ணுக்குத் தெரியாத உருளைப் புழுக்களும், துடுப்புக்காலிகள் எனப்படும் மிகச் சிறிய ஓட்டுயிர்களும் நெளிந்து திரிகின்றன. நாம் வாளியில் அள்ளும்போது மணிகளோடு சேர்த்து அந்தக் குடியிருப்பையே அள்ளி வருகிறோம்.

இப்போது நான் செய்ததைக் கேளுங்கள். வாளி மணலை இரண்டு நாள் காரின் பின்பகுதியில் மூடி வைத்திருந்தேன். வெயிலிலும் உயிர்வளிக் குறைவிலும் பாதி உயிர்கள் மடிந்திருக்கும். திங்கட்கிழமை அதைக் குழாய் நீரில் இரண்டு தடவை அலசினேன். உப்பு நீரில் வாழ்ந்த உயிரணுக்களுக்குள் நன்னீர் புகுந்து அவற்றை ஊதி வெடிக்க வைக்கும். ஊடுபரவல் பாடத்தில் நானே வகுப்பில் நடத்துவது இது. மிச்சம் இருந்தவையும் இறந்தன. இரண்டு அலசலில் அவற்றின் உடல்கள் எல்லாம் போய்விடவில்லை.

60 சென்டிமீட்டர் நீளமும் 30 சென்டிமீட்டர் அகலமும் கொண்ட அந்தத் தொட்டியில், ஒரு வாளி மணல் 5 சென்டிமீட்டர் உயரத்துக்கு வந்தது. அதன்மேல் கடலுப்புக் கலவையைக் கரைத்து ஊற்றினோம். நீர் தெளிந்துவிட்டது என்று புதன்கிழமை மீன்களை விட்டோம். வெள்ளிக்கிழமை நன்றாகத்தான் நீந்தின. திங்கட்கிழமை காலை கூடத்தைத் திறந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அம்மோனியா சோதனைக் கரைசலைத் தொட்டி நீரில் விட்டதும் அது கரும்பச்சையாக மாறியது.

புரதம் உள்ள எந்த உடலும் அழுகினால் அம்மோனியா உண்டாகும். பழகிய தொட்டியில் ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாகவும், இன்னொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றிவிடும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் நஞ்சு. நைட்ரேட் அவ்வளவு தீங்கானதன்று. எங்கள் புதுத் தொட்டியில் அந்தப் பாக்டீரியாக்கள் பெருகவே நேரம் இல்லை.

இதில் கடல்நீர்த் தொட்டிக்கே உரிய ஓர் ஆபத்தும் உண்டு. அம்மோனியா நீரில் இரு வடிவங்களில் இருக்கும். மீனின் செவுள் வழியே எளிதில் நுழைந்து கொல்வது அவற்றில் ஒன்றுதான். பி.எச். அளவு 7 ஆக இருக்கும் நன்னீரில் மொத்த அம்மோனியாவில் நூற்றில் ஒரு பங்குகூட அந்தக் கொடிய வடிவில் இராது. கடல்நீரின் பி.எச். அளவு ஏறத்தாழ 8.2. அங்கே அந்தப் பங்கு பத்து மடங்குக்கும் மேல் கூடிவிடும். தங்கமீன் தொட்டியில் தப்பித்துவிடும் ஒரு தவறு, கடல்மீன் தொட்டியில் தப்பிக்காது. ‘தங்கமீன் வளர்த்துப் பழகிவிட்டேன், இது என்ன பெரிய வேலை’ என்று இறங்குகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கறுப்புப் படலம் எங்கிருந்து வருகிறது?

சேற்றுக் கடற்கரையில் குச்சியால் தோண்டிப் பாருங்கள். மேலே பழுப்பு, சற்றுக் கீழே கறுப்பு. கூடவே அழுகிய முட்டை வாடை. உயிர்வளி எட்டாத ஆழத்தில் வாழும் பாக்டீரியாக்கள் கடல்நீரில் உள்ள சல்பேட்டைப் பயன்படுத்தி, ஹைட்ரஜன் சல்பைடு வாயுவை வெளியிடுகின்றன. அது இரும்போடு சேரும்போது கறுப்பு நிறம் வருகிறது.

தொட்டியிலும் இதே கதைதான். மணல் தடிமனாகவும் மிக நுண்ணியதாகவும் இருந்து, அதில் உணவுக் கழிவும் சேர்ந்தால் அடியில் கறுப்பு படரும். அதைக் கையால் கிளறிவிட்டால் நச்சு வாயு நீரில் கலக்கும். 10 சென்டிமீட்டருக்கு மேல் மணல் பரப்பி, நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக மாற்றும் பாக்டீரியாக்களை வேண்டுமென்றே வளர்ப்பவர்களும் இருக்கிறார்கள். அது அனுபவசாலிகளின் வேலை. தொடக்கத்தில் 2 அல்லது 3 சென்டிமீட்டர் போதும். மணி அளவு அரை மில்லிமீட்டர் முதல் 2 மில்லிமீட்டர் வரை இருக்கட்டும். அதைவிட நுண்ணியது பம்பின் நீரோட்டத்தில் பறக்கும். அதைவிடப் பெரியதன் இடுக்குகளில் உணவுத் துணுக்குகள் தங்கி அழுகும்.

அள்ளி வரலாமா?

இதுவரை ‘முடியுமா’ என்று பார்த்தோம். ‘கூடுமா’ என்ற கேள்வி மிச்சம் இருக்கிறது. இதையும் நான் அன்று கேட்கவில்லை.

தீபகற்ப மலேசியாவில் நடப்பில் உள்ள தேசிய நிலச் சட்டத்தொகுப்பு, மணலையும் கல்லையும் பவளத்தையும் சிப்பியையும் பாறைப்பொருள் என்ற ஒரே வகையில் சேர்க்கிறது. அரசு நிலத்திலிருந்து அவற்றை எடுத்துச் செல்ல நில அலுவலகத்தின் அனுமதி வேண்டும். கடற்கரையும் அரசு நிலந்தான். ரெடாங், பெர்ஹெந்தியான், தியோமான், பாயார் போன்ற தீவுகளைச் சுற்றியுள்ள கடல் பூங்காக்களில் மணலோ பவளமோ எடுப்பதை 1985ஆம் ஆண்டு மீன்வளச் சட்டம் தடுக்கிறது. ‘ஒரு வாளிதானே’ என்று நானும் நினைத்தேன். ஒரு விடுமுறை நாளில் ஒரு கடற்கரைக்கு எத்தனை குடும்பங்கள் வருகின்றன என்று எண்ணிப் பாருங்கள்.

சட்டத்தைத் தாண்டியும் காரணம் இருக்கிறது. எங்கள் தொட்டியில் அழுகிப்போன உயிர்கள், கடற்கரையில் இருந்திருந்தால் நண்டுக்கு உணவாகியிருக்கும். நண்டைத் தேடிப் பறவை வரும். மேடான மணலில் ஆமை முட்டையிடும். மணலை அள்ளினால் இத்தனை பேரின் வாழிடத்தில் கை வைக்கிறோம்.

மலாக்கா நீரிணை உலகில் கப்பல் போக்குவரத்து மிகுந்த கடல்வழிகளில் ஒன்று என்பதையும் மறக்க வேண்டாம். துறைமுகம், ஆற்றுமுகம், கழிவுநீர்க் கால்வாய் ஆகியவற்றுக்கு அருகில் உள்ள மணலில் எண்ணெய்ப் பிசுக்கும் உலோகங்களும் ஒட்டியிருக்கலாம். செம்பு மிகச் சிறிய அளவிலேயே இறால்களையும் பவளங்களையும் கொன்றுவிடும். அலசினால் இவையெல்லாம் போய்விடும் என்று நம்ப முடியாது.

என் அறிவுரை இதுதான்: கடற்கரை மணலைக் கடற்கரையிலேயே விட்டுவிடுங்கள். மீன் கடைகளில் கடல் தொட்டிக்கென்றே விற்கப்படும் உலர்ந்த சுண்ணாம்பு மணலை வாங்குங்கள். 60 சென்டிமீட்டர் தொட்டிக்கு ஏழெட்டு கிலோ போதும்.

மணல் வாங்கிய பின்

எங்கிருந்து வந்த மணலானாலும், முறையான அனுமதியோடு கிடைத்த இயற்கை மணலானாலும், தொட்டிக்குப் போகும் முன் இவற்றைச் செய்யுங்கள்.

அலசும் நீர் தெளிவாக வரும்வரை அலசுங்கள். இரண்டு தடவை போதாது. பத்துத் தடவை ஆனாலும் ஆகட்டும். பிறகு மெல்லிய படலமாகப் பரப்பி நல்ல வெயிலில் சில நாள் காயவையுங்கள்.

ஒரு கண்ணாடிச் சாடியில் ஒரு பங்கு மணலும் மூன்று பங்கு உப்பு நீரும் விட்டு, ஒரு வாரம் வையுங்கள். பிறகு முகர்ந்து பாருங்கள். அம்மோனியா சோதனையும் செய்யுங்கள். வாடை அடித்தாலும் அம்மோனியா தெரிந்தாலும் மறுபடி அலசுங்கள். நான் இந்த ஒரு சாடியை வைத்திருந்தால் இரண்டு மீன்கள் பிழைத்திருக்கும்.

மணலோடு வந்த பவளக் கல் எதையும் அடுப்பில் கொதிக்க வைக்காதீர்கள். சில பவள வகைகளில் பாலிடாக்சின் என்னும் கடும் நஞ்சு உண்டு. கொதிக்கும்போது எழும் ஆவியை முகர்ந்தவர்கள் மருத்துவமனைக்குப் போயிருக்கிறார்கள்.

தொட்டியில் மணலையும் உப்பு நீரையும் சேர்த்தபின் மீன் இல்லாமலே வடிகட்டியை ஓடவிடுங்கள். சிட்டிகை மீன் உணவு போடுங்கள். அது அழுகி அம்மோனியா ஏறும், பிறகு இறங்கும். அடுத்து நைட்ரைட் ஏறி இறங்கும். இரண்டும் சுழியம் ஆகும்வரை காத்திருங்கள். நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். நலமாக ஓடும் தொட்டி வைத்திருக்கும் நண்பரிடம் ஒரு கைப்பிடி ஈர மணல் கேட்டு வாங்கித் தூவினால், பாக்டீரியாக்கள் சீக்கிரம் குடியேறும். கடையில் வாங்கிய வெறும் மணல் இப்படித்தான் உயிருள்ள மணலாகிறது.

நாங்களும் அப்படித்தான் மறுபடி தொடங்கினோம். இம்முறை அம்மோனியா, நைட்ரைட் அளவுகளை நாள்தோறும் எடுத்துச் சுவரில் வரைபடமாக ஒட்டியவள் அந்த மாணவிதான். ஐந்தாவது வாரம் இரண்டு கோடுகளும் தரையைத் தொட்டன. அவள் இன்னும் ஒரு வாரம் பொறுக்கச் சொன்னாள். பொறுத்தோம். புது மீன்கள் இரண்டும் இந்த ஆண்டு முழுவதும் நன்றாக இருக்கின்றன.

அவள் கேட்ட கேள்விக்கு இப்போது என்னால் பதில் சொல்ல முடியும். கடல் மணல் கடல் மீனைக் கொல்லாது. கடலில் அலையும் நண்டும் பாக்டீரியாவும் ஓயாமல் அதைக் கவனித்துக்கொள்கின்றன. வாளியில் அள்ளி வந்துவிட்டால் அந்த வேலை முழுவதும் நம் கைக்கு வந்துவிடும். நான் அதைச் செய்யவில்லை.

அடுத்த முறை கடற்கரைக்குப் போகும்போது, நீர் வற்றும் நேரம் பார்த்துப் போங்கள். மணல் உருண்டைகள் தெரிந்தால் சற்றுத் தள்ளி அசையாமல் உட்காருங்கள். சில நிமிடங்களில் நண்டுகள் வெளியே வரும். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். வாளியை மட்டும் வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள்.